இரண்டாவது ரவுட்டர் வாங்கும் முன் வயர் இழுங்கள்

முன்னறையில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. சமையலறையைத் தாண்டிப் பின்னறைக்குப் போனால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர் யாரிடம் யோசனை கேட்டாலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு ரிப்பீட்டர் வாங்கிப் பிளக்கில் செருகிவிடுங்கள், அல்லது பெரிய ஆண்டெனா வைத்த ரவுட்டராக மாற்றிவிடுங்கள். கெலமங்கலம் மாதிரி ஊரில், நாம் கட்டிக் குடியிருக்கும் மாதிரி வீடுகளில், இந்த இரண்டு யோசனைகளும் பெரும்பாலும் காசை வீணாக்குகின்றன என்பது என் கருத்து. இரண்டாவது ரவுட்டர் உதவும், சந்தேகமே இல்லை. ஆனால் முதல் ரவுட்டரிலிருந்து அதற்கு ஒரு லேன் வயர் போயிருக்க வேண்டும். வயர் இருந்தால் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். வயர் இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியும் பாதி வேலைதான் செய்யும். ஏன் இப்படி என்பதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

நம் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. கெலமங்கலம் தேன்கனிக்கோட்டை வட்டத்துப் பேரூராட்சி. ஒரு பக்கம் எழுபதுகளிலிருந்து வளர்ந்த ஓசூர் சிப்காட், இன்னொரு பக்கம் ராயக்கோட்டைத் தக்காளியும் தளி ரோஜாவும், அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. ஓசூர் அருகே டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை வந்த பிறகு இந்தப் பகுதியில் வாடகைக்கு வீடு தேடுவோர் கூட்டம் வேறு. பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் மாடியில், படிக்கும் பிள்ளை பின்னறையில், வாடகைக்கு இருப்பவர்கள் பக்கத்து லைன் வீட்டில் என்று ஒரே ஃபைபர் இணைப்பை நம்பி இருக்கும் குடும்பங்கள் இங்கே சாதாரணம். 2020 ஊரடங்கின்போது ஆன்லைன் வகுப்பு எந்த மூலையில் எடுக்கிறது என்று பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அலைந்ததை இங்கே எந்தப் பெற்றோரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நிலை தீர வேண்டும் என்றால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

சிக்கல் சுவரில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பேர்போனது. பழைய வீடுகளில் சுவரே கருங்கல்தான், அதுவும் ஒன்றரை அடி கனத்தில். புதிய வீடுகளில் சாலிட் பிளாக், மேலே இரும்புக்கம்பி கட்டிய கான்கிரீட் தளம். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதில் பாதிக்கும் குறைவு. அலை குறுகக் குறுகச் சுவருக்குள் ஊடுருவுவது கடினமாகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஆனால் ஒரு கனத்த சுவரைத் தாண்டியதும் அது சோர்ந்துபோகும். சோர்வு எவ்வளவு என்பதை டெசிபலில் அளக்கிறார்கள். அந்தக் கணக்கு கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. மூன்று டெசிபல் போனால் சக்தியில் பாதி போயிற்று. பத்து டெசிபல் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஒரு சுவர் பத்து டெசிபலைத் தின்றால், அதே மாதிரி இரண்டு சுவர் தாண்டியபின் நூறில் ஒரு பங்கு, மூன்று தாண்டியபின் ஆயிரத்தில் ஒரு பங்கு. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே நம் வீடுகளில் எத்தனை சுவர் என்று எண்ணிப் பார்த்தால் வட்டம் ஏன் சுற்றுகிறது என்பது புரிந்துவிடும். போதாக்குறைக்கு, தெருக்கம்பத்திலிருந்து ஃபைபர் நுழையும் இடத்திலேயே, வாசலை ஒட்டியோ டிவி அலமாரிக்குப் பின்னாலோ, முதல் ரவுட்டரான ஃபைபர் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கிருந்து கிளம்பும் அலையில் பாதி தெருவுக்குத்தான் போகிறது.

அப்படியானால் சத்தமாகப் பேசும் ரவுட்டரை வைத்துவிட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. வைஃபை ரேடியோப் பெட்டி மாதிரி ஒருவழி ஒலிபரப்பு இல்லை. ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் "வந்து சேர்ந்தது" என்று போன் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ரவுட்டர் அதையே மறுபடி அனுப்பும். போனில் இருப்பதோ சின்ன ஆண்டெனா, சின்ன பேட்டரி. ரவுட்டரின் குரலை எவ்வளவு உயர்த்தினாலும் போனின் குரல் உயராது. திரையில் மூன்று கோடு முழுசாகத் தெரிந்தும் பக்கம் திறக்காமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்கிறது, போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கவில்லை. ஆறு ஆண்டெனா, எட்டு ஆண்டெனா என்று அட்டைப்பெட்டியில் படம் போட்டு விற்கும் ரவுட்டர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரே பெரிய கூடத்தில் இருபது பேர் பயன்படுத்தும் இடத்துக்கு அவை நன்றாகவே உதவும். கருங்கல் சுவருக்கு அப்பால் இருப்பவருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. போனுக்குப் பக்கத்தில் ஒரு ரவுட்டர் இருப்பதுதான் தீர்வு.

அதைத்தானே ரிப்பீட்டர் செய்கிறது என்று தோன்றலாம். பக்கத்தில் வந்துவிடுகிறது, உண்மை. ஆனால் அது முதல் ரவுட்டரிடம் பேசுவதும் அதே சுவர் வழியாகத்தான். நல்ல சிக்னல் இல்லாத இடத்தில் ரிப்பீட்டரைச் செருகுவது, வற்றிய போர்வெல்லில் பெரிய மோட்டாரை இறக்குவது போன்றது. பின்னறையில் செருகினால் போனுக்குக் கோடுகள் நிறையத் தெரியும், தண்ணீர் வராது. நடுவில் எங்காவது வைக்க வேண்டும் என்கிறார்கள், அது சரிதான். ஆனால் நம் வீடுகளில் நடு என்பது சுவருக்கு இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம், இரண்டில் ஒன்றுதான். அடுத்து, காற்றில் ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் ஒவ்வொரு துண்டையும் முதலில் கேட்டு, பிறகு அதே சானலில் திருப்பிச் சொல்கிறது. ஒரு வேலைக்கு இரண்டு மடங்கு நேரம். எல்லாம் நன்றாக அமைந்தாலும் வேகம் பாதியாகும். இரண்டு அலைவரிசை கொண்ட ரிப்பீட்டர் ஒன்றில் கேட்டு இன்னொன்றில் பேசி இந்த நஷ்டத்தைக் குறைக்கும். ஆனால் வேகத்தைக் காக்க அது முதல் ரவுட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸில் பேச வேண்டும், கனத்த சுவரைத் தாண்டத் தடுமாறுவதும் அதே 5 கிகாஹெர்ட்ஸ்தான். இன்னொரு பாதிப்பும் உண்டு, அதை நாம் கவனிப்பதே இல்லை. ரிப்பீட்டர் எடுத்துக்கொள்ளும் காற்று நேரம் முன்னறையில் இருப்பவர்களுடையதும்தான். பின்னறைக்கு வழி செய்யப்போய் முன்னறையின் வேகமும் இறங்கும்.

இதற்கு நேர்மையான மறுப்பு ஒன்று இருக்கிறது. வேகம் பாதியானால் என்ன, 100 மெகாபிட் இணைப்பில் ஐம்பது கிடைத்தாலும் தாராளம்தானே? இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 512 கிலோபிட்டாக இருந்து 2023ல்தான் 2 மெகாபிட்டாக உயர்ந்தது. நல்ல தரத்தில் ஒரு வீடியோ அழைப்புக்கு நான்கு மெகாபிட் இருந்தால் போதும். வேகத்தை மட்டும் பார்த்தால் மறுப்பு சரி. ஆனால் அழைப்பு அறுந்துபோவது வேகக் குறைவால் அல்ல. ஒரு துண்டு சட்டென்று வருகிறது, அடுத்தது தாமதமாகிறது, மூன்றாவது தொலைந்து மறுபடி அனுப்பப்படுகிறது. சினிமா பார்ப்பவருக்கு இது தெரியாது, ஏனென்றால் அடுத்த சில விநாடிக் காட்சியை போன் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். நேரடியாகப் பேசும்போது முன்கூட்டி வாங்கி வைக்க எதுவும் இல்லை. நேர்காணலில் உட்கார்ந்திருப்பவருக்கும், தேர்வை ஆன்லைனில் எழுதும் பிள்ளைக்கும் தேவை சீரான ஓட்டம். அதைக் கொடுப்பது வயர். சுவருக்கு அந்தப் பக்கம் யார் பேசுகிறார்கள், பக்கத்து வீட்டில் எத்தனை ரவுட்டர் ஓடுகிறது என்பதெல்லாம் வயருக்குள் ஓடும் தகவலைத் தொடுவதில்லை.

வயர் இழுப்பதற்கு முன் இரண்டு சோதனை அவசியம். லேப்டாப்பை ஃபைபர் பெட்டியில் லேன் வயரால் நேராக இணைத்துப் பாருங்கள். அங்கேயே வேகம் இல்லையென்றால் கோளாறு வெளியில் இருக்கிறது, எத்தனை ரவுட்டர் வைத்தாலும் தீராது, கேபிள்காரரைத்தான் கூப்பிட வேண்டும். அடுத்து, வைஃபை பலத்தைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு அறை அறையாக நடங்கள். கழித்தல் குறியோடு ஓர் எண் காட்டும். மைனஸ் 67க்கு மேலே இருந்தால் பேச்சுக்கும் வீடியோவுக்கும் நல்லது, மைனஸ் 80ஐ ஒட்டிப் போனால் அந்த அறை கைவிடப்பட்ட அறை. பெட்டியை வீட்டின் நடுவுக்கு மாற்றிவிட்டாலே இந்த எண் தேறிவிடும் வீடுகள் உண்டு. சின்ன வீடு, ஒரே தளம் என்றால் கேபிள்காரரிடம் சொல்லி ஃபைபரை இன்னும் கொஞ்சம் நீட்டி நடுவில் மாட்டச் சொல்லுங்கள். அதோடு முடிந்தது, இரண்டாவது ரவுட்டரே வேண்டாம்.

வேண்டும் என்றால், வேலை இப்படி. முழுத் தாமிரத்தில் செய்த கேட் 6 வயர் வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய வயர் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் மடக்கினால் முறியும், நாளாக ஆக இணைப்பு தளரும். நூறு மீட்டர் வரை ஒரே நீளமாக ஓட்டலாம், எந்த வீட்டுக்கும் அது தாராளம். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பாதுகாப்புக்காகவே தனிப் பாதை வேண்டும். வயருக்குள் எட்டு இழை. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் சேர வேண்டும், நான்கு மட்டும் சேர்ந்தால் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். வயர் முனையில் பின் மாட்டி கிரிம்பிங் செய்தவர் டெஸ்டர் வைத்து எட்டு விளக்கும் எரிவதைக் காட்டிய பிறகு காசு கொடுங்கள்.

பழைய ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் என்ற தேர்வு இருந்தால் அதை அழுத்துவதோடு பாதி வேலை முடிந்தது. இல்லையென்றாலும் பரவாயில்லை. அதன் முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, உதாரணமாக முதலாவது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, டிஎச்சிபியை அணைத்துவிட்டு, வயரை அதன் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். வான் என்று தனி நிறத்தில் இருக்கும் துளையில் செருகக் கூடாது. டிஎச்சிபி என்பது வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுக்கும் வேலை, அதை இருவர் செய்தால் குழப்பம். வான் துளையில் செருகினாலும் இணையம் வரத்தான் செய்யும், அதனால்தான் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் வீடு இரண்டு துண்டாகிவிடும். முன்னறையில் இருக்கும் போன், மாடி ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சிசிடிவியையோ பிரின்டரையோ பார்க்காது. கடைசியாக, இரண்டிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் சானலை மட்டும் வேறாக்குங்கள். 1, 6, 11 என்ற மூன்றும்தான் ஒன்றையொன்று இடிக்காதவை.

மெஷ் என்று ஒரு பெட்டிக்குடும்பம் கடைகளில் கிடைக்கிறதே, அது இந்தத் தொல்லையெல்லாம் இல்லாமல் தானே அமைத்துக்கொள்ளுமே என்பது வலுவான கேள்வி. மெஷ்ஷில் எனக்குப் பிடித்த விஷயங்கள் உண்டு. மாடிப்படி ஏறும்போது அழைப்பை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மென்மையாக மாற்றிவிடுவதில் அது நான் மேலே சொன்ன அமைப்பைவிடச் சிறந்தது. பழைய ரவுட்டரோடு இருந்தால் போன் சில சமயம் தூரத்து ரவுட்டரையே பிடித்துக்கொண்டு தொங்கும். வேறு வேறு கம்பெனிப் பெட்டிகளும் சேர்ந்து வேலை செய்ய 2018ல் ஈஸிமெஷ் என்ற பொது விதியும் வந்தது. ஆனால் அந்தப் பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசுவது காற்று வழியாகத்தான், நடுவில் அதே கற்சுவர். அதற்கென்றே தனி ரேடியோ வைத்த விலை உயர்ந்த மாடலும் சுவருக்குக் கட்டுப்பட்டதே. நல்ல மெஷ் பெட்டிகளின் பின்னால் லேன் துளை இருப்பது இதற்காகவும்தான். வசதி இருப்பவர்கள் மெஷ் வாங்கட்டும், ஆனால் அதையும் வயரால் இணையுங்கள்.

பழைய ரவுட்டர் பாதுகாப்பானதா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப் வைஃபையின் பூட்டு முறையிலேயே ஓர் ஓட்டை இருப்பதை வெளியிட்டார். கிராக் என்று பெயர். அந்த ஓட்டை முக்கியமாகப் பாதித்தது போன், லேப்டாப் போல வைஃபையோடு போய் இணையும் கருவிகளை. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் மாட்டிக்கொண்டவை எவை என்று பார்த்தால், ரிப்பீட்டராக ஓடியவை, ஏனென்றால் அவையும் இன்னொரு வைஃபையோடு போய் இணைபவை. வயரில் இணைந்த பழைய ரவுட்டர் அந்தப் பட்டியலில் அநேகமாக வராது. முதல் ரவுட்டருக்குப் பின்னால் இருப்பதால் இணையத்தின் பார்வையில் நேராகவும் படாது. இதையே நான் முழுப் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், கடவுச்சொல் கேட்காமல் இணைக்கும் டபிள்யூபிஎஸ் பட்டனை அணையுங்கள், புதிய மென்பொருள் இருந்தால் ஏற்றுங்கள். 54 மெகாபிட் காலத்துப் பெட்டியாக இருந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடலாம், அது தானும் ஓடாது, மற்றவர்களையும் ஓட விடாது.

வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று தனியாக உண்டு. லைன் வீட்டுக்காரர்களுக்கு இரண்டாவது ரவுட்டரை வைத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் தனி ரவுட்டரில் இருக்கிறார்கள், நம் கருவிகள் பத்திரம் என்று நினைப்பது பிழை. வான் துளை வழியாக இணைத்தால், உள்ளே இருக்கும் இரண்டாவது ரவுட்டர்காரர்கள் வெளியே இருக்கும் உங்கள் சிசிடிவியைத் தொட முடியும். உங்களால்தான் அவர்களைத் தொட முடியாது. தடுப்பு தலைகீழாக வேலை செய்கிறது. பொறுப்புச் சிக்கலும் உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன் அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டில்லாத ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. இணைப்பு யார் பெயரில் இருந்ததோ அவர் வீட்டு வாசலுக்குத்தான் போலீஸ் முதலில் போனது. யார் பயன்படுத்தினாலும் கேள்வி வருவது இணைப்பு வாங்கியவரிடம். வாடகைக்கு இருப்பவர்களைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. அவரவர் பெயரில் தனி இணைப்பு வாங்கிக்கொள்வது இருவருக்கும் நிம்மதி என்று சொல்கிறேன்.

இனி கம்பியில்லா ஏர்ஃபைபர் வந்துவிட்டதே, வயரைப் பற்றிப் பேசுவது பழைய காலம் என்பார்கள். 2023ல் நம் நாட்டில் வந்த அந்த இணைப்பு எப்படி வருகிறது என்று மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். பல வீடுகளில் டவரைப் பார்த்து ஒரு பெட்டி மாட்டியிருப்பார்கள், அதிலிருந்து வீட்டுக்குள் இறங்குவது ஒரு வயர். கம்பியில்லா இணைப்பை விற்பவர்களே சுவரைத் தாண்ட வயரைத்தான் நம்புகிறார்கள்.

வயர் தோற்கும் இடமும் உண்டு, திறந்தவெளி. வீட்டிலிருந்து தோட்டத்து மோட்டார் கொட்டகைக்கோ ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலுக்கோ லேன் வயரை ஆகாயத்தில் இழுப்பது ஆபத்து. சித்திரை, வைகாசி இடிமழையில் பக்கத்தில் எங்கோ விழும் மின்னலே அந்தத் தாமிரத்தில் அழுத்தத்தை ஏற்றி இரண்டு முனைப் பெட்டிகளையும் எரித்துவிடும். அங்கே இரும்புக்கம்பி சேராத ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வைக்கலாம். கண்ணாடியில் மின்சாரம் ஏறாது, நூறு மீட்டர் எல்லையும் இல்லை. நடுவில் மரமோ கட்டடமோ இல்லாமல் நேராகத் தெரியும் தூரம் என்றால், ஒன்றையொன்று பார்க்கும் வெளிப்புற ஆண்டெனா ஜோடியே போதும். 5 கிகாஹெர்ட்ஸைத் திறந்தவெளியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2018ல் வழி திறந்தாயிற்று. சுவரும் மரமும் இல்லாத இடத்தில் அலைக்குப் பெரிய எதிரி இல்லை.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்கள் என்பவர்களுக்கு, கதவு நிலையை ஒட்டி ஒட்டும் கேசிங் பட்டியும் சப்பையான லேன் வயரும் கிடைக்கின்றன, காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போகலாம். கரண்ட் வயர் வழியாகவே இணையம் அனுப்பும் பவர்லைன் ஜோடியும் உண்டு. ஆனால் மூன்று ஃபேஸ் வீட்டில் இரண்டு அறையும் வேறு வேறு ஃபேஸில் இருந்தாலோ, இன்வெர்டர் குறுக்கே இருந்தாலோ சொதப்பும், வாங்கும் முன் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போகும்போது ஒரு ரவுட்டர் மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை என்பதால், ஃபைபர் பெட்டிக்கும் இரண்டாவது ரவுட்டருக்கும் தலா ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைப்பதும் இந்தச் செலவில் சேர்ந்ததே.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம்தான் எனக்குப் பெரிய வேண்டுகோள். ராயக்கோட்டை ரோட்டிலும் தேன்கனிக்கோட்டை ரோட்டிலும் மனை மனையாக வீடுகள் எழும்புகின்றன. ஏசிக்கு பாயின்ட், கீசருக்கு பாயின்ட், டிவி கேபிளுக்கு பாயின்ட் என்று எலக்ட்ரீஷியனிடம் விவரமாகச் சொல்கிறோம், லேன் வயரை யாரும் சொல்வதில்லை. பூச்சு வேலைக்கு முன், சுவரில் காடி வெட்டும் அன்றே, ஃபைபர் நுழையும் இடத்திலிருந்து ஒவ்வொரு தளத்தின் நடுக்கூடத்துக்கும் ஒரு இன்ச் பைப் ஒன்று தனியாகப் பதிக்கச் சொல்லுங்கள். வளைவுகள் அகலமாக இருக்கட்டும், உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள். பைப்பின் முனைக்குப் பக்கத்திலேயே, ஆள் உயரத்துக்கு மேல், ஒரு பிளக் பாயின்ட்டும் வேண்டும். வயரை அப்புறம் இழுத்துக்கொள்ளலாம்.